விரல்களுக்கு நடுவே இறந்தவை

போன வாரம் பேரனுக்குப் பெயர் வைத்தோம். கோட்டைக்குப்பத்தில், மகள் ரேவதியின் மாமியார் வீட்டில் விருந்து. வந்தவர்கள் குழந்தையின் முகத்தைக் கொஞ்சினார்கள். வலது கையை யாராலும் பார்க்க முடியவில்லை. ரேவதி அதைத் துணியில் சுற்றி மறைத்திருந்தாள்.

நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டிப் பிறந்த கை அது.

"மாசமா கீற, கெரகணத்தன்னிக்கு நண்டு ஒடைக்காதன்னு தலபாடா அடிச்சிகினேன். கேட்டாளா?" என்றார் சம்பந்தியம்மா. சுவரைப் பார்த்துச் சொன்னாலும், எனக்குத்தான்.

ரேவதி என்னைத் தனியே இழுத்தாள். "நைனா... நான்தான் புள்ள கையக் கெடுத்துட்டனா?"

அஞ்சாம் கிளாஸோடு இறால் பிடிக்க ஏரியில் இறங்கியவன் நான். "டாக்டரக் கேக்கலாம்மா" என்றேன்.

மறுநாள் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. சம்பந்தியம்மாவும் வந்தார் — டாக்டர் தன் கட்சிக்குச் சாட்சி சொல்வார் என்று. ரேவதிக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், வேர்க்க விறுவிறுக்கக் கேட்டேன். "கெரகணத்தன்னிக்கு நண்டு ஒடச்சதாலயா டாக்டர்?"

டாக்டர் சின்னப் பெண். சிரிக்கவில்லை.

"வயித்துல ஆரம்பத்துல எல்லாருக்கும் கை துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரலுக்கு நடுவுல சதை. அப்புறம் அந்தச் சதையில இருக்கற செல்லுங்களுக்கு ஒரு உத்தரவு வரும், போதும், போயிடுன்னு."

"போயிடுன்னா?" என்றார் சம்பந்தியம்மா.

"செத்துடும்மா. ஒரு கட்டம் தாண்டிட்டா திரும்ப முடியாது. ஒவ்வொண்ணும் தன்னைத்தானே துண்டு போட்டு, சின்னச் சின்ன மூட்டையா கட்டி வச்சிடும். பக்கத்துல இருக்கற செல்லுங்க அதைத் தின்னுடும். அப்படித்தான் விரல் பிரியுது. இவனுக்கு ஓரிடத்துல மட்டும் அது நடக்கல. ஏன்னு எப்பவும் சொல்ல முடியாது. ஆனா நண்டு உடைச்சதால இல்ல. கொஞ்சம் வளரட்டும், ஆபரேஷன்ல பிரிச்சிடலாம்."

"எனக்குமா அப்படிச் செத்துச்சு?" என்றார் சம்பந்தியம்மா.

"உங்களுக்கும்தான். எனக்கும்."

நான் என் கையைப் பார்த்தேன்.

ஒரு மீனை அரிந்தாலே காக்கா வரும், பூனை வரும், தெரு முழுக்க வாடை. இந்தக் கைக்குள் எத்தனை உயிர்கள் செத்திருக்கின்றன... ஒரு புண் உண்டா? ஒரு தழும்பு? எதுவும் அவற்றை அடித்துக் கொல்லவில்லை. உத்தரவு வந்தது, தாமே மூட்டை கட்டின, வழி விட்டன. அப்படிப் பிரிந்த விரல்களால்தான் நான் இத்தனை காலம் சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவியிருக்கிறேன். கை முழுக்க வளர்ந்து வந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்!

திரும்பும் பஸ் திருப்பாலைவனத்தைத் தாண்டியபோது, ரேவதி துணியை அவிழ்த்தாள். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அய்ய, வெரலு இன்னா ஒட்டிகினு கீது? கெரகணத்துல எதையாச்சும் ஒடச்சியாம்மா?"

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சம்பந்தியம்மா முந்திக்கொண்டார்.

"நம்ம கையில செத்துப் போனது இவன் கையில சாகாம குந்திகினு கீது. அதுக்கு எம்மருமவ இன்னா பண்ணுவா?"

அந்தப் பெண் மெல்லத் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள்... இப்போது நீங்கள் பார்ப்பதைப் போலவே.