வெயில் என்று சொன்ன பொய்

என் நெல் மண்டிக்காக வங்கியில் எடுத்த ஓவர்டிராப்ட் ஆறு லட்சமாகிவிட்டது. வட்டி பன்னிரண்டு சதவீதம். குறைந்த வட்டியில் கடன் வாங்கி அதை அடைக்க, உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பதினொரு முறை அலைந்தேன். எங்கும் கிடைக்கவில்லை. மனைவியிடம் மறைத்தேன்.

“இன்னாங்க, மொகம் ஏன் இப்டி கீது?” என்பாள்.

“வெயிலு,” என்பேன்.

சென்ற தையில் அவள் இறந்துவிட்டாள். நாமினி கையெழுத்துக்கு அதே வங்கியில் கூப்பிட்டார்கள். அவள் பெயரில் ஏழு லட்சம் டெபாசிட் இருந்தது. அவள் அண்ணன் கொடுத்த நிலப் பங்குப் பணம்.

“உங்க வயசான காலத்துக்குன்னு வெச்சிருந்தாங்க பெரியவரே. இதும்மேல கடன் எடுத்திருந்தா ஏழு பர்சன்ட்தான் வட்டி,” என்றார் அலுவலர்.

இப்போதெல்லாம் மருமகள் என் முகத்தைப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்டால், வெயில் என்று சொல்வதில்லை. என் வங்கி பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.