பத்மாவதி வைத்த மீசை

“இன்னும் பக்கத்துல போ கண்ணு. காதலிக்கறவன் மாதிரி நில்லு. பஸ்சுக்கு நிக்கறவன் மாதிரி நிக்காதே,” என்றாள் பத்மாவதி.

மனோஜ்குமார் ஓரடி முன்னால் வந்தான். ஹர்ஷிணி அவன் தோளில் கை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பத்மாவதி வீட்டுக்காரரின் பட்டறையில் லேத்துகள் ஓடவில்லை. அவற்றுக்கு நடுவே, எண்ணெய்க்கறைத் தரையில், நானூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலி வீடு ஒன்றின் முற்றம் உருவாகிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க,” என்றார் ஹர்ஷிணியின் அப்பா ஈஸ்வரமூர்த்தி.

நாடகத்தில் இல்லாத வசனம். கஞ்சத் தகப்பனாக வரும் அவர் அந்த இடத்தில் “அடப்பாவி” என்று கத்தவேண்டும். கத்தவில்லை. டீ கிளாஸோடு நின்றார்.

“என்னாச்சுங்க?”

“டீ குடிக்கறப்பத்தானுங் இந்தத் தம்பிகிட்ட குலதெய்வம் எதுன்னு கேட்டேன். எங்க கோயிலைச் சொல்லுதுங்க. எங்க கூட்டமுங்க அம்மணி. பங்காளிப் பையன். இதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சியாகுது.”

ஹர்ஷிணி கையை எடுத்தாள். மனோஜ்குமார் அதைவிட வேகமாகப் பின்வாங்கி லேத்தில் இடித்துக்கொண்டான்.

பத்மாவதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருவரும் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் எந்த வீட்டிலும் பேச்சு வராது என்றுதான் தேடிப்பிடித்திருந்தாள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முன்பின் பார்த்திராவிட்டாலும் உடன்பிறப்பு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவளுடைய நாயுடு ஜனத்திலும் வீட்டுப்பேர் ஒன்றாக இருந்தால் பெண் எடுப்பதில்லை. என்ன கூட்டம் என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“நடிப்புத்தானுங்களே?”

“நடிப்புத்தானுங்க. எனக்குத் தெரியுது. எங்க பெரியப்பா ஊட்டு ஆளுகெல்லாம் நாடகம் பாக்க வாராங்க. கோயில் பொங்கலுக்கு நான் அவிங்க முன்னால நிக்கோணும். ‘உம்பட புள்ள அண்ணனைக் கட்டிப் புடிச்சுதாமா’ன்னு கேட்டா, இத்தாலிக்காரன் எழுதிப்போட்டானுங்கன்னு சொல்ல முடியுமுங்களா?”

“அங்கிள், நான் வேணா தூரமா நின்னே லவ் பண்றனுங்க,” என்றான் மனோஜ்குமார்.

“இத்தன நாளும் அப்படித்தானே அண்ணா பண்ணீட்டிருந்தே,” என்றாள் ஹர்ஷிணி.

ஈஸ்வரமூர்த்தியே சிரித்துவிட்டார். சோமனூரில் விசைத்தறி வைத்திருப்பவர். மகளுக்குத் துணையாக முதல் ஒத்திகைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தவரை, கஞ்சனுக்கு ஆள் கிடைக்காமல் பத்மாவதி எழுப்பிவிட்டாள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். மைக் தேவைப்படவில்லை. அவரை இழக்க முடியாது. ஹர்ஷிணியை இழந்தால் அவரும் போய்விடுவார். நாடகம் அடுத்த ஞாயிறு.

கதை எளிமையானது. பெண்ணும் பையனும் காதலிக்கிறார்கள். செலவுக்குப் பயந்து தகப்பன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான். ஒரு நாள் இருவரையும் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறான். ‘மாமா, இது நிஜம் இல்லை, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள், இது கனவு’ என்று காதலன் அவனை நம்பவைக்கிறான். எழுதியவர் பேர் நிலைக்காத நாடகம்.

கல்லூரியில் பத்மாவதி அதை ஆங்கிலத்தில் படித்தாள். பெண்கள் கல்லூரி. வகுப்பில் காதலன் வசனத்தை அவள்தான் வாசித்தாள், மேடையேற்றவும் ஏற்பாடாயிற்று. அதற்குள் நிச்சயம் நடந்துவிட்டது. வரப்போகிற மாமியார் ஆள் அனுப்பினார்: பேண்ட் போட்டு, மீசை வைத்து மேடையில் நிற்கிற பெண் எங்களுக்கு ஒத்துவராது. அவளுடைய அம்மா சரி என்றாள். அவளும் சரி என்றாள். விழாவன்று அந்த மீசையை இன்னொருத்தி வைத்தாள். பத்மாவதி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

பிறகு கல்யாணம், அரங்கசாமியோடு சிங்காநல்லூர், மில் ஆபீஸ் வேலை, மகன் சாய்சரண். மில்லை மூடினார்கள். மகனுக்கு லாஸ்யாவைக் கட்டிவைத்த பிறகு மகனும் மருமகளும் பெங்களூர் போனார்கள். வீடு காலியான பிறகு மத்தியானங்களில் அந்த நாடகத்தை எடுத்து, இந்த ஊர்ப் பேச்சில் எழுதினாள். எழுதி முடித்தபோதும் தனக்கென்று ஒரு பாத்திரமும் வைத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்துநாலு வயதில் எதற்கு என்று யாரும் கேட்பதற்கு முன்னால் தானே கேட்டுக்கொண்டாள்.

“காதலனை நான் பண்றேன்,” என்றாள் இப்போது.

எழுந்து வந்து மனோஜ்குமாரின் இடத்தில் நின்றாள்.

“எனக்கு வசனம் தெரியும். நீ திரைக்குப் பின்னால நின்னு எடுத்துக் குடு மனோஜ். ஏனுங்க ஈஸ்வரமூர்த்தி, உங்க மக என்னைக் கட்டிப் புடிச்சா கோயில்ல யாராவது கேப்பாங்களா?”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “உங்களைக் கேக்க மாட்டாங்க அம்மணி. நீங்க எங்க கூட்டமில்லீங்களே.”

அரங்கசாமியிடம் சாப்பாட்டின்போது சொன்னாள். அவர் ரசத்தைக் கலக்கியபடியே இருந்தார்.

“சம்பந்தி வாராங்க பத்மா. நீ டைரக்டர்னு சொல்லித்தான் கூப்பிட்டிருக்கோம். மீசை வெச்சுட்டு நின்னா அவங்க என்ன நெனப்பாங்க?”

“அன்னிக்கு உங்கம்மா சொன்னாங்க, கேட்டேன். இன்னிக்கு லாஸ்யா அம்மா ஒண்ணுமே சொல்லலீங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாலயே நீங்க சொல்றீங்க. இந்தத் தடவை நான் கேக்கறதா இல்லை.”

“பட்டறைக்கு வர்ற பார்ட்டிக கேட்டா?”

“எம்பட சம்சாரம்னு சொல்லுங்க.”

அவர் எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்தார். “எம்பட பேண்ட் உனக்கு இடுப்புல நிக்காது,” என்றார்.

“பெல்ட் இருக்குதல்லங்க.”

அந்த வாரம் முழுக்கக் கூடத்தில் நடந்து பழகினாள். ஆண் நடை வரவில்லை. கடைசியில் அரங்கசாமி பட்டறைக்குப் போகும்போது பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து, கால்களைச் சற்று அகட்டி, அவசரமில்லாத அந்த நடையை எடுத்துக்கொண்டாள். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “நான் அப்படியா நடக்கறேன்?” என்றார். “இன்னும் மோசமுங்க,” என்றாள்.

குடியிருப்போர் சங்க ஆண்டுவிழாவில் குழந்தைகள் நடனத்துக்குப் பிறகு நாடகம். முன்வரிசையில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும், இரண்டு வரிசை தள்ளி ஈஸ்வரமூர்த்தியின் பெரியப்பா வீட்டார். பத்மாவதி பேண்ட், சட்டை, மீசையோடு வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அவள் நிற்கவில்லை. ஹர்ஷிணி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“அடப்பாவி!” ஈஸ்வரமூர்த்தி நுழைந்தார்.

“மாமா, கோவிக்காதீங்க. நீங்க தூங்கீட்டிருக்கீங்க. இது கனா.”

“கனான்னா கிள்ளுனா எனக்கு எதுக்குடா வலிக்குது?”

“வலிக்கற மாதிரி கனாக் காணறீங்க மாமா.”

கைதட்டல். அப்போதுதான் மீசை ஒரு பக்கம் கழன்றது. பகலெல்லாம் புழுக்கம், வியர்வையில் பசை விட்டுப்போயிருந்தது. மேலுதட்டால் பிடித்துப் பார்த்தாள். முழுதாகக் கழன்று தரையில் விழுந்தது.

“மேடம், மீசைங்க,” என்றான் மனோஜ்குமார் திரைக்குப் பின்னாலிருந்து. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறந்தபடி நின்றார். பத்மாவதி நினைத்தால் திரைக்குப் பின்னால் போய்விடலாம். நாலே அடி. சம்பந்தியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருப்பது தெரிந்தது. பத்மாவதி குனிந்து மீசையை எடுத்தாள். ஒட்டிக்கொள்ளவில்லை. ஈஸ்வரமூர்த்தியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“பாருங்க மாமா. நெசத்துல யாருக்காவது மீசை கழண்டு உழுகுமா? இப்பவாவது நம்பறீங்களா, இது கனாத்தான்னு?”

கூரை அதிர்ந்தது. ஈஸ்வரமூர்த்திக்கு உயிர் வந்தது. எழுதாத வசனங்களை எடுத்துவிட்டார்.

“அப்ப கல்யாணத்துக்கு மண்டபம்?”

“கனாவுல சும்மாவே குடுப்பாங்க மாமா.”

“சாப்பாடு?”

“கனாவுல யாருக்கும் பசிக்காதுங்க.”

“அப்ப ரெண்டு கல்யாணமா வெச்சுக்கலாம்!”

பெரியப்பா வீட்டு வரிசையில் ஒருவர் எழுந்து நின்று சிரித்தார். மீசையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் முகத்தோடு, அரங்கசாமியின் நடையில், மிச்ச நாடகத்தைப் பத்மாவதி முடித்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டரைக்குப் பட்டறை திறந்தது. மூன்று லேத்துகளும் ஓடின. மத்தியானம் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. பத்மாவதி பேண்ட்டையும் சட்டையையும் துவைத்துக் காயப்போட்டாள். ஹர்ஷிணி வேலைக்குப் போனாள். ஈஸ்வரமூர்த்தி போன் செய்து, பெரியப்பா பையன் அடுத்த நாடகத்தில் ஏதாவது வேஷம் இருக்குமா என்று கேட்கச் சொன்னதாகச் சொன்னார். பார்க்கலாம் என்றாள். சாயங்காலம் சம்பந்தியம்மா கூப்பிட்டு, ஊருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைச் சொன்னார். நாடகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பத்மாவதியும் கேட்கவில்லை. இரவுக்குத் தோசை ஊற்றினாள். அரங்கசாமி நாலு சாப்பிட்டார்.