அக்கா போட்டுக்கொண்ட ஊசி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையும் நிறைய இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் நானும் அக்காவும் மட்டும் இருக்கிறோம். அக்காவின் புருஷன், என் அத்திம்பேர், சின்ன வயதிலேயே போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திதி நடக்கும் வீடுகளில் மடியாகத் தளிகை பண்ணுவது, அதாவது ஆசாரமாகச் சமைப்பது, அக்காவின் வேலை. விடியுமுன் குளித்து, முதல் நாளே யார் கையும் படாமல் உயரக் கொடியில் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள். பித்ருக்களுக்கான சமையலை ருசி பார்க்கக் கூடாது. வாசனையை வைத்தே உப்பு போதுமா என்று சொல்லிவிடுவாள். நான் தண்ணீர் இறைத்துக் கொடுப்பேன், தேங்காய் துருவுவேன்.

போன வருஷ மழையில் ஃப்ளூ காய்ச்சல் வந்து அக்கா ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். ஏற்கெனவே இளைப்பு உள்ள உடம்பு. இன்னொரு தடவை வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதனால், இந்த ஐப்பசியில் புது ஃப்ளூ ஊசி போடுகிறார்கள் என்று மைக் கட்டிய ஆட்டோ தெருவில் சொல்லிக்கொண்டு போனதும், அக்காவைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஊசியைவிடக் கேள்விதான் அதிகம்.

"சிஸ்டர், இது கொரோனா ஊசியா?"

"இல்லீங்க, இது ஃப்ளூவுக்கு. அது வேற, இது வேற."

"வருஷா வருஷம் போடணுமாமே? மருந்துக் கம்பெனிக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம மொய் எழுதிக்கிட்டே இருக்கணுமா?" என்றார் ஓர் ஆட்டோக்காரர். சிஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.

"கிருமி வருஷா வருஷம் சட்டை மாத்துதுங்க. நாமளும் ஊசியை மாத்த வேண்டியிருக்கு."

"மாரடைப்பு வரும்னு செல்லுல வந்துச்சே?"

"கை வலிக்கும். ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சாலும் அடிக்கும். செல்லுல வர்றதுக்கெல்லாம் என்கிட்ட ஊசி இல்லீங்க."

எங்களுக்கு முன்னால் பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் போட்டுக்கொண்டார். அவர் வீட்டுத் திதிக்கு வருஷாவருஷம் அக்காதான் தளிகை. "பயப்படாதீங்கோ மாமி. நான் உயிரோடதானே இருக்கேன்?" என்று சட்டைக் கையை இறக்கிக்கொண்டே சொன்னார்.

அக்கா என் காதருகில் வந்தாள். "இதுல முட்டை இருக்காமே. நீ கேளேண்டா."

எனக்கு வாய் வரவில்லை. அவளே கேட்டாள். சிஸ்டர் மறைக்கவில்லை.

"முட்டையில வளர்த்துத்தான் இந்த மருந்தைப் பண்றாங்கம்மா. அப்புறம் சுத்தம் பண்ணி எடுத்துடுவாங்க. உங்களுக்கு முட்டை ஒத்துக்காதா?"

"தொட்டதே இல்லையேம்மா. ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு எப்படித் தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். "நான் போயிட்டா உனக்கு யாருடா சாதம் போடுவா?" என்று கையை நீட்டினாள்.

உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் தோள் வலித்தது, அவ்வளவுதான். மனசுதான் ஆறவில்லை. திதி பண்ணிவைக்கும் வாத்தியாரிடம் போய்க் கேட்டாள். "மருந்துக்கு தோஷமே கிடையாது" என்றார். அப்படியும் பஞ்சகவ்யம் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பசுவின் பால், தயிர், நெய் எல்லாம் சேர்த்து மந்திரம் சொல்லித் தருவது அது. சாப்பிட்டால் தோஷம் போய்ச் சுத்தம்.

அங்கேதான் பிசகிவிட்டது. தெருவில் பாதிப்பேர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அக்கா பஞ்சகவ்யம் சாப்பிட்டதைத்தான் கவனித்தார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் அவள் உள்ளதைச் சொன்னாள். பொய் சொல்லிவிட்டு மடிப்புடவை கட்ட அவளால் முடியாது.

ஒருவரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. கூப்பிடுவது மட்டும் நின்றது. கார்த்திகையில் பாங்க் மாமா போன் செய்தார்.

"இந்த வருஷம் மண்டபத்துலயே ஏற்பாடு பண்ணிட்டோம்ப்பா. அக்காவைத் தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லு."

எப்படியோ எனக்கு அன்று வாய் வந்துவிட்டது. "நீங்களும் போட்டுண்டேளே மாமா?"

"நான் போட்டுண்டது வேறப்பா. இது பித்ரு காரியம் இல்லையா?"

அக்காவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

மார்கழிப் பனியில் தெரு முழுக்க இருமியது. அக்காவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. எப்போதும்போல் விடியுமுன் எழுந்து குளித்து, குச்சியால் புடவையை உயரக் கொடியில் போடுவாள். யாரும் கூப்பிடப்போவதில்லை, தூங்கேன் என்றால், "உலர்த்தி வெச்சா தப்பில்லையே" என்பாள்.

நேற்று எங்கள் அப்பாவின் திதி. முந்தின நாள் சாயங்காலம் அக்கா என்னிடம், "நான் தளிகை பண்ணலாமாடா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை.

"வேற யார் பண்ணுவா?" என்றேன். வேறென்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பித்ருக்களின் இடத்தில் இலையில் உட்கார்ந்து சாப்பிட இரண்டு பேர் வரவேண்டும். ஒருவர்தான் வந்தார். இன்னொருவருக்குக் காய்ச்சல் என்று வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த இடத்தில் தர்ப்பையை வைத்து நடத்திக்கொடுத்தார். நிஜக் காய்ச்சலா, சாக்கா, நான் கேட்கவில்லை. ஆள் இல்லாத இலையிலும் அக்கா ஒன்று விடாமல் பரிமாறினாள்.

எல்லாம் முடிந்து அடுப்படியைத் துடைக்கும்போது, "நெஜமாவே காய்ச்சலா இருந்தா பாவம்டா" என்றாள். "அவரும் அந்த ஊசியைப் போட்டுண்டிருக்கலாம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கிண்டல் வராது.

இன்று விடிந்தும் அக்கா எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்தது, விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். கொடியில் புடவை இல்லை.

தை மாதம் ஏழாம் தேதி, புதன்கிழமை.