சிவப்பு வட்டத்துக்குள் மேஸ்திரியம்மா

எங்கள் பேருந்து நிலையத்தின் துப்புரவுப் பிரிவுக்கு மேஸ்திரியாக இருக்கும் அம்மாளைப் பற்றி எழுதுகிறேன். அதே நிலையத்தின் நேர அலுவலகத்தில் வருகைப் பதிவு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். பார்க்காததை இரண்டு பேரிடமாவது விசாரித்த பிறகே சேர்த்திருக்கிறேன்.

மேஸ்திரியம்மாவுக்குக் குள்ளமான உருவம், அகலமான முதுகு, கனத்த குரல். ஒலிபெருக்கி கெட்டுப்போகும் நாட்களில் நிலைய மேலாளரே அவரைக் கூப்பிட்டுப் பேருந்து அறிவிப்பைச் சொல்லச் சொல்வார். வேடிக்கையாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் முதலில் அவரே சிரித்துவிடுவார். சிரித்து முடித்துச் சொல்ல வருவதற்குள் பேருந்து வந்துவிடும். அப்படிப் பாதியில் நின்றுபோன கதைகள் எனக்கே நிறைய பாக்கி இருக்கின்றன. கணவர் தையற்காரர். வீட்டில் பேச்சு முழுவதும் மேஸ்திரியம்மாவுடையது. 'உம்' மட்டும் அவருடையது.

இவர்களின் ஒரே மகளுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பையனும் அவளும் விரும்பினார்கள். பையனின் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், நல்ல மனிதர். அவருக்கு ஒரே ஒரு பலவீனம். போனில் வரும் வீடியோக்களை நம்புவார். மழை பெய்தாலும் யாரோ திட்டமிட்டுப் பெய்ய வைத்ததாகச் சொல்வார்.

பெண் கேட்டு அவர்கள் வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காபி குடித்து முடித்ததும் அவர் மெல்லக் கேட்டார்.

"உங்க வேலை அந்த பஸ் ஸ்டாண்டுலதானே? அங்க எட்டு வருஷத்துக்கு முன்னாடி குண்டு வெடிச்சதே, அதோட உண்மை உங்களுக்குத் தெரியுமா?"

"அப்பா, இங்க வேண்டாம்ப்பா" என்றான் பையன்.

"ஊருக்கெல்லாம் திரும்பிப் பார்த்து ஓட்டுன்னு சொல்லித் தர்றவரு, போன்ல வந்ததை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டாரு" என்றார் அவர் மனைவி.

அதற்குள் அவர் போனை எடுத்து நீட்டிவிட்டார். பேய் வரப்போவது போல ஒரு இசை. மங்கலான படத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண், குப்பைத் தொட்டிகள் ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். அவளைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். 'குண்டு வெடிப்பதற்கு முந்தின நாள் தொட்டிகள் அத்தனையும் அகற்றப்பட்டது ஏன்? அரசே செய்த சதியா? யார் இந்த நீலக் கோட்டுப் பெண்?'

"நடையைக் கவனிங்க. சாதாரண ஆளு நடை இல்ல இது. பயிற்சி எடுத்தவ" என்றார் அவர்.

மேஸ்திரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வழக்கம்போல் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் சிரித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"அண்ணே, இது நான்தான்."

"எது?"

"வட்டத்துக்குள்ள இருக்கிறது. வேற யாருக்கு முதுகு இவ்வளவு அகலம்? அது பயிற்சி நடையும் இல்ல, செருப்பு வார் அறுந்த நடை."

"உம்" என்றார் கணவர்.

தொட்டிகள் ஏன் போயின என்பதை மேஸ்திரியம்மா விளக்கினார். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்கிய பெயின்ட்டைக் கணக்கு ஆண்டு முடிவதற்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டு கிடைக்காது. ஆகவே ஆண்டு முழுக்கத் துருப்பிடித்துக் கிடந்ததெல்லாம் கடைசி வாரத்தில் பளபளக்கும். முதலில் தொட்டிகளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் பெயின்ட் அடிப்பார்கள்; குண்டு வெடித்ததும் அந்த வாரத்தில்தான். பிறகு பெஞ்சு, வேலி, கழிப்பறைக் கதவு. ஒருமுறை காவலாளி எழுந்து நின்று சோம்பல் முறிப்பதற்குள் அவர் ஸ்டூலுக்கும் அடித்துவிட்டார்கள். அவர் திரும்ப உட்கார்ந்தும்விட்டார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் சிரிக்கவில்லை. "இப்படித்தான் சொல்லணும்னு உங்களுக்குச் சொல்லியிருப்பாங்கம்மா."

"யாரு?"

"மேலிடம்."

"துடைப்பம் கேட்டாலே பதில் போடாது அந்த மேலிடம். எனக்குக் கதை எழுதிக் குடுத்துச்சாக்கும்?"

"இருக்கட்டும். எதுக்கும் நான் யோசிக்கணும். இந்தக் கல்யாணத்துக்கு இப்ப சரின்னு சொல்ல முடியாது."

மேஸ்திரியம்மாவின் முகம் மாறியது. அந்தக் குண்டு வெடிப்பில் எங்கள் பார்சல் பிரிவுக்காரர் இறந்துபோனார். குண்டு இருந்த பையை வைத்துவிட்டுப் போன இருவரும் பிடிபட்டு, தாங்கள்தான் வைத்தோம் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். எதற்காக என்றும் பெருமையாகவே சொன்னார்கள். நான் அந்த வழக்கு நடந்த நாட்களில் போய் உட்கார்ந்து கேட்டவன்.

"செத்துப்போனவரு எனக்குக் கூடப்பொறக்காத அண்ணன்" என்றார் மேஸ்திரியம்மா. "அவரைக் கொல்றதுக்கு நான் தொட்டியைத் தள்ளிட்டுப் போனேன்னு நினைக்கிற வீட்டுக்கு என் பொண்ணு வர மாட்டா. நீங்க சரின்னு சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஸ்டாண்டுக்கு வாங்க. உங்க கண்ணால பார்த்துட்டு அப்புறம் பேசுங்க."

மகள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அன்று அழுதாளா என்று கேட்டேன். தலைவலி என்றாள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் போன், துப்புத் துலக்க வந்தவரின் நடை. நான் தினமும் கேன்டீனில் பேப்பர் படிக்கப் போகிறவன். மேஸ்திரியம்மா என்னையும் கூட வரச் சொன்னார்.

முதலில் பின்கட்டுக்குப் போனோம். அங்கே சுவரோரம் ஆண்டாண்டாகச் சிந்திய பெயின்ட் பச்சை, மஞ்சள், சாம்பல், மறுபடி பச்சை என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. வந்தவர் ஒரு சில்லைப் பெயர்த்து நகத்தால் பிரித்துப் பார்த்தார். பிறகு பார்சல் அறை. இறந்தவரின் படம் மாட்டியிருந்த சுவருக்குக் கீழே அவருடைய நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்து மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

வெளியே வந்ததும் கேட்டார். "அப்ப அரசாங்கம் தப்பே பண்ணாதுங்கறீங்களா?"

"யார் சொன்னா? வாசல்ல பையைச் சோதிக்கிற மெஷின் அப்ப ரிப்பேராகி ஆறு மாசமா ஓடலை. அந்தப் பை அப்படித்தான் உள்ள வந்துச்சு. ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும், நான்தான் அண்ணன் தலையை மடியில வச்சிருந்தேன். அதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவங்க நிம்மதியா இருக்காங்க. ஏன்னா, நீங்க எல்லாரும் என் முதுகைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

ஆனாலும் அவர் விடவில்லை.

"இருந்தாலும் உள்ளுக்குள்ள யாருக்காவது தெரிஞ்சிருக்கும்மா. வெளியில சொல்லாம மறைச்சிருப்பாங்க."

மேஸ்திரியம்மாவுக்குச் சிரிப்புத் திரும்பி வந்துவிட்டது. "இங்கயா? சரி, ஒரு வேலை பண்ணுங்க. யாரையாவது ஒருத்தரைப் பிடிச்சு ஒரு ரகசியம் சொல்லுங்க. ஆளை நீங்களே பாருங்க."

அவர் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, விசாரணைக் கவுன்டரில் இருந்தவரைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வுதான். பயணிகள் கேட்டதற்கே வாய் திறக்காதவர் அவர். டிரைவிங் ஸ்கூல்காரர் கம்பி வழியாகக் குனிந்து ரகசியம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"உங்க மேஸ்திரியம்மா பொண்ணை என் பையனுக்குக் கேட்டிருக்கோம். நான் இன்னும் சரின்னு சொல்லலை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கவுன்டர்காரர் தலையை மட்டும் ஆட்டினார். மூவரும் டீ குடிக்கப் போனோம்.

கேன்டீன்காரர் ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரரா? உட்காருங்க, உட்காருங்க. சரின்னு சொல்லிட்டீங்களாமே, சந்தோஷம்."

டிரைவிங் ஸ்கூல்காரர் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

டயர் மாற்றுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கை கொடுத்தார். "பொண்ணு டாக்டராமே? குடுத்து வச்சவர் சார் நீங்க."

வாசலுக்கு வந்தபோது காவலாளி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "அந்த ஆஸ்பத்திரியே உங்களுதுன்னாங்க, சார். என் தம்பிக்கு அங்க ஏதாவது ஒரு வேலை..."

"யாருய்யா சொன்னது?"

"யாரும் சொல்லலை, சார். எல்லாருக்கும் தெரியும்."

டிரைவிங் ஸ்கூல்காரர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவர் பையனே பார்த்ததில்லையாம். பிறகு கேட்டு உறுதி செய்துகொண்டேன். மேஸ்திரியம்மாவும் சேர்ந்துகொண்டார். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்கு அவரும் சிரித்தார்.

"ஒரு டீ ஆறல. அதுக்குள்ள ரகசியமும் போச்சு, சொன்ன விஷயமும் தலைகீழாப் போச்சு" என்று கண்ணைத் துடைத்தார் டிரைவிங் ஸ்கூல்காரர். "இவங்கதான் எட்டு வருஷமா வாயை மூடிட்டு இருக்காங்கன்னு நான் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கிட்டு இருந்தேன். பார்சல் அண்ணன் வீட்டுல யாராவது அதைப் பார்த்திருப்பாங்களா?"

"பார்த்தாங்க. அவர் சம்சாரம் எனக்கே காட்டினாங்க."

அவர் சிரிப்பு அடங்கியது. "நான் போய் அவங்களைப் பார்க்கணும். நீங்களும் கூட வர்றீங்களா, சம்பந்தியம்மா?"

"அந்த வார்த்தையைச் சொல்லிட்டீங்க, அண்ணே. சாட்சி வச்சிருக்கேன்" என்று மேஸ்திரியம்மா என்னைக் காட்டினார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டுக்குத் திரும்பியபோது நடந்ததை அவர் மனைவி எனக்குச் சொன்னார், பையனும் அப்படியே சொன்னான். கவுன்டர்காரரின் மைத்துனருக்கு அதே ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்கும் வேலை. அங்கிருந்து செய்தி மருந்தகத்துக்கும் எக்ஸ்ரே அறைக்கும் போய், போன் வழியாக வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் செருப்பைக் கழற்றும்போது மனைவி தன் அக்காவிடம் போனில் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க சரின்னு சொல்லிட்டீங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இப்பத்தான் சொல்றேன். சரி."