கருப்பண்ணன் எழுதிய ஊர் வரலாறு

மலையில் சோளக்காடு என்ற ஊருக்கு மேலே, பைல் நாடு என்ற பகுதியில் உள்ள ஒரு சிற்றூருக்குக் கருப்பண்ணன் ஊராட்சித் தலைவரானார். எதிர்த்து நின்றவரின் மனு தள்ளுபடியானதே அதற்குக் காரணம். ஆனால் ஊரே திரண்டு வந்து தன்னைத் தேர்ந்தெடுத்ததாகத்தான் அவர் மேடைதோறும் பேசினார்.

அவர் காலத்தில் தண்ணீர் வராத ஒரு குளியலறையும், பஸ் நிற்காத வளைவில் ஒரு நிழற்குடையும் எழும்பின. இவ்வளவு செய்தும் பெயர் நிலைக்காதோ என்ற கவலை அவருக்கு. அதனால் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஊரின் வரலாற்றைக் கல்வெட்டாகப் பதிக்க முடிவு செய்தார். ஊரின் வரலாறு தன் அம்மாவைப் பெற்ற அப்புச்சியிடமிருந்துதான் தொடங்குகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. “இவ்வூருக்குச் சாலை கொண்டுவந்தவர் மாரக்கவுண்டர்” என்று எழுதி, கிராம சபையில் தானே எழுந்து படித்தார்.

வார்டு உறுப்பினர் பெருமாயி எப்போதும் கையைத் தூக்கிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போகிறவர். அன்று எழுந்தார்.

“ஏங்கண்ணு, உங்கப்புச்சியா ரோடு கொண்டாந்தாரு? பலாமரம் போயிருமின்னு ரோடுரோலருக்கு முன்னால பாயப் போட்டுப் படுத்துக்கிட்டாரல்ல?”

“அது வந்துங்க அத்தே…”

“படுத்தவரு அப்படியே தூங்கிப்போட்டாரு. எங்கய்யனும் இன்னும் மூணு பேருமாப் பாயோட தூக்கி ஓரமா வெச்சாங்க. நான் கிட்டத்துலதான நின்னேன்.”

சபை சிரித்தது. ஊராட்சிச் செயலர் பெஞ்சமின் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அன்றிரவு கருப்பண்ணன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு வாசகத்தைத் திருத்த உட்கார்ந்தார்.

“கல்வெட்ட உட்டுப்போட்டு அந்தத் தண்ணிக் குழாயப் பாருங்க” என்றாள் மனைவி சென்னம்மாள். அது அவர் காதில் ஏறவில்லை. பல நாள் யோசித்து வாசகத்தை மாற்றினார்:

“இச்சாலை அமைந்த நாளில், இயந்திரத்தின் முன் தன் உடலையே மண்ணில் கிடத்தியவர் மாரக்கவுண்டர்.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெருமாயியே படித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி கையைத் தூக்கினார்.

திறப்பு விழாவுக்குச் சமவெளியிலிருந்து அதிகாரி ஈஸ்வரமூர்த்தி வந்தார். கல்வெட்டைப் படித்ததும் அவர் கண் கலங்கியது.

“சாலை போடுறப்ப உயிரையே குடுத்திருக்காரு. எல்லாரும் எந்திரிச்சு அஞ்சலி செலுத்துவோமுங்க” என்றார்.

பலாமரத்துக்காகப் படுத்து, அதற்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்து, கிடா விருந்துக்குப் பின் வயிற்றுப்போக்கில் செத்த மனிதருக்காக ஊர் தலைகுனிந்து நின்றது. கருப்பண்ணனே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். பெருமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றிருந்தார்.

பாவம், இப்போதாவது அப்புச்சியின் அருமை புரிந்து அழுகிறாரே என்று அவரை மனதார மன்னித்துவிட்டார் தலைவர்.