யோசுவாவின் ஸ்டாண்ட்

யோசுவாவைப் பற்றி நல்லவிதமாக எழுத ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் எழுதினால் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுவேன். ஆனாலும் அவனை என்னளவு உற்றுப் பார்த்தவர் யாரும் கிடையாது. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

பாறசாலைக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். அப்பா நிலம் அளக்கிறவர்களிடம் சங்கிலி பிடித்தவர். திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் யோசுவா ஓட்டலில் இலை எடுத்தான், கட்டிட வேலைக்குப் போய்க் கம்பி கட்டினான். 1993இல் பழவங்காடியில் இருந்த என் மாடி ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தான். நான் கல்யாண வீடியோ எடுப்பேன், அவன் லைட் பிடிப்பான். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடப் பிந்தி வந்ததில்லை. பந்தியில் எனக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. அப்போதே எனக்கு அவனைப் பிடிக்காது. குறை சொல்ல இடமே கொடுக்காத ஒருத்தனை எப்படிப் பிடிக்கும்?

பிறகு பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகப் போனான். பிழைத்துப் போகட்டும் என்று பெருந்தன்மையாக இருந்தேன். அவன் பிழைக்கத் தொடங்கியதும் அந்தப் பெருந்தன்மை போன இடம் தெரியவில்லை. 1999 வாக்கில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "யோசுவா எடுத்த காசெட்டைப் பாத்தீங்களா, படம் ஒரு இடத்துல ஆடணுமே" என்று என்னிடமே கேட்டார்கள். என் கேமரா அவனுடையதைவிட மூன்று மடங்கு விலை. ஆனாலும் என் படம் ஆடியது. காரணம் எனக்குத் தெரியும். கேமராவை நிறுத்த அவனிடம் ஒரு ஸ்டாண்ட் இருந்தது. மேலிருந்து கீழ்வரை கறுப்பு ரெக்ஸின் உறை தைத்துப் போட்ட மூன்று தடித்த கால்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தேன். "சாதா ஸ்டாண்டுதான் அண்ணே" என்றான். மறைக்கிறான் பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் வலியசாலையிலிருந்து பாகீரதி மாமி கூப்பிட்டு அனுப்பினார். அந்த அக்கிரகாரத்தில் மாமி கை காட்டுகிற ஆளைத்தான் எல்லோரும் வீடியோவுக்கு அழைப்பார்கள். மூத்த பெண்கள் இருவர் கல்யாணத்தையும் எடுத்தவன் நான். இப்போது கடைசிப் பெண்ணுக்கு முகூர்த்தம் வைத்திருந்தார்கள்.

"லிங்கராஜ், போன தடவை நீ மணைக்கு முன்னாடி வந்து முதுகைக் காட்டிண்டு நின்னுட்டே. எம்பொண்ணுக்குத் தாலி கட்டினதை நான் பார்க்கலை, உன் சட்டையைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை வீடியோக்காரா ஒருத்தரும் மேடையில ஏறப்படாது. சாஸ்திரிகளும் கண்டிப்பாச் சொல்லிட்டார். தூரத்துலேர்ந்து நன்னா எடுத்துக் குடு, இந்தத் தெருவுக்கு எப்பவும் நீதான். இல்லேன்னா எல்லாரும் யோசுவாகிட்டப் போயிடுவா. மாப்பிள்ளையாத்துல ஏற்கெனவே அவனைத்தான் சொல்லியிருக்கா."

தூரத்திலிருந்து எடுப்பது என்றால் ஜூம். ஜூம் போட்டால் ஸ்டாண்டின் சின்ன நடுக்கம்கூடத் திரையில் பூகம்பமாகத் தெரியும். ஆக, வலியசாலை என் கையில் நிற்பதும் போவதும் மூன்று கால்களைப் பொறுத்தது. கேமராவுக்கே கையிருப்பைக் கொட்டிவிட்டிருந்ததால் ஸ்டாண்டுக்கு மிஞ்சியது சொற்பம்.

நான் மலிவாக ஒரு ஸ்டாண்ட் தேடுவது யோசுவாவின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. சாலைக் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் நின்றான்.

"அண்ணே, கையில பைசா கொறவுன்னா தலையப் பாக்காண்டாம், காலப் பாருங்க. கேமராவ மேல வெச்சு முழுசா ஜூம் பண்ணி, காலுல வெரலால ஒரு தட்டு தட்டணும். படம் நிக்க எத்தன நேரம் ஆவுதுன்னு பாக்கணும், கேட்டோ. நடுவுல கம்பி ஒசருற சாதனம் வேண்டவே வேண்டாம். பளபளப்பு இல்லேன்னாலும் சாரமில்ல, ஒண்ணும் கொறஞ்சு போவாது."

இவனுக்கு ஏன் என்மேல் இத்தனை அக்கறை? வலியசாலையில் என்னைக் கவிழ்ப்பதற்குத்தான் என்று எனக்குப் பட்டது. அவன் எதை வேண்டாம் என்றானோ அதுதான் நல்ல பொருளாக இருக்கும். நேராகக் கேமரா சாமான் விற்கிற மைதீன் கடைக்குப் போய், நடுக்கம்பி உயர்கிற, கைப்பிடி சுழற்றுகிற, ரசமட்டம் வைத்த, கண்ணாடி மாதிரி மின்னுகிற ஒன்றை எடுத்தேன். மெலிந்த கால்கள். தட்டிப் பார்க்கவில்லை. தட்டுவதும் அவன் சொன்னதுதானே.

"இது போட்டோ எடுக்குற சின்னக் கேமராவுக்கு உள்ளதாக்கும். ஒங்க கேமரா ஏழு கிலோ இருக்குமே?" என்று மைதீன் தயங்கினார். நீங்க கட்டுங்க பாய் என்றேன்.

கல்யாணத்தன்று கூடத்தின் இடது மூலையில், நாகஸ்வரக்காரர்களுக்குப் பக்கத்தில் யோசுவா நின்றான். வலது பக்கத் தூணோரம் நான். முகூர்த்த நேரத்தில் பெண்ணின் கழுத்துக்குச் சரியாகக் குறி வைத்தேன், ஸ்டாண்டின் திருகை இறுக்கினேன், பட்டனை அமுக்கினேன். என் வேலை முடிந்தது என்று நினைத்ததும் கண் தானாக எதிர்ப்பக்கம் போயிற்று. அவன் இரண்டே விரலால் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தான். அந்த உறைக்குள் என்னதான் இருக்கிறது? எந்த நாட்டுச் சரக்கு? எவன் வாங்கிக் கொடுத்தான்? கெட்டிமேளம் கொட்டியது, எல்லோரும் அட்சதை போட்டார்கள், நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பியபோது என் கேமரா தலையைக் கவிழ்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாரம் தாங்காமல் ஸ்டாண்டின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. காசெட்டில் பெண்ணின் கழுத்து, மடி, முழங்கால், தாம்பாளம், அப்புறம் ஒரு தேங்காய். தாலி இல்லை.

மறுநாள் மாமியிடம் பொய் சொன்னேன். "கூட்டம் ஸ்டாண்டைத் தள்ளிட்டுது மாமி. நான் கண்ணைக்கூட எடுக்கல்லை."

"போறது போ. யோசுவாகிட்ட அந்த இடத்தை மட்டும் கேட்டு வாங்கிண்டு வா. பம்பாய்லேர்ந்து வந்த சொந்தக்காரா சாயங்காலம் வண்டி ஏறப்போறா, அதுக்குள்ள பார்க்கணும்."

கரமனையில் யோசுவா குடியிருந்த ஒற்றை அறைக்கு முதன்முறையாகப் போனேன். அவன் மனைவி ஜெஸ்லின் தையல் மெஷினில் ரெக்ஸின் உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் அந்த ஸ்டாண்ட் உறையில்லாமல் நின்றது. மரம். எண்ணெய் கண்டு கறுத்துப்போன மரக்கால்கள், நுனியில் இரும்புப் பூண், ஒரு காலில் பாதி அழிந்த வெள்ளை நம்பர்.

"நெலம் அளக்குறவங்க ஸ்டாண்டு அண்ணே. அப்பா தோளுல சொமந்து நடந்தத நெறய கண்டதுனால தெரியும், இது அசையாது. சாலைக் கடைத்தெருவுல பழைய இரும்புக் கடையில கெடந்துது. மேல கேமரா இருக்குற கிண்ணத்த மட்டும் லேத்துல கடஞ்சு வாங்குனேன்."

"அப்புறம் உறை எதுக்கு?"

"கல்யாண வீட்டுல மரக்கால கண்டா சிரிப்பாங்கல்லா. ஒரு வெக்கம்தான்."

அவன் வெட்கப்பட்டு மூடி வைத்ததைப் பார்த்துத்தான் நான் இத்தனை நாள் வெந்திருக்கிறேன். இதைக் கேட்டதும் என் பொறாமை அடங்கியது என்று எழுத ஆசை. அடங்கவில்லை, கூடியது. வெளிநாட்டு ஸ்டாண்ட் என்றால் கையில் காசில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். இது எனக்கும் வாங்க முடிந்த விலையில், நான் தினமும் நடக்கிற தெருவில் கிடந்திருக்கிறது. காசெட்டை அவன் கேள்வி கேட்காமல் கொடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் என் காசெட்டில் ஒட்டிவிட்டுக் கொடுப்பதாக மாமியிடம் சொன்னேன். மாமி கேட்கவில்லை, கையிலிருந்து வாங்கித் தன் வீட்டிலேயே போடச் சொன்னார். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். திரையில் பெண்ணின் கழுத்தும் மாப்பிள்ளையின் விரல்களும் வரைந்து வைத்த படமாக நின்றன. மூன்று முடிச்சும் விழுந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து யோசுவா கேமராவை மெல்லக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருந்தான். அட்சதை வீசும் கைகள், தாத்தாக்கள், குழந்தைகள், எல்லோர் முகமும் மேடையைப் பார்த்திருந்தது. துளி நடுக்கமில்லாமல் நகர்ந்த படம் வலது தூணுக்கு வந்தது. அங்கே மூக்கைத் தரையில் குத்திய கேமரா. அதன் பக்கத்தில், மேடையைப் பார்க்காமல் எங்கள் எல்லோரையும் முறைத்தபடி நான். நெற்றிச் சுருக்கம்வரை தெளிவாக இருந்தது.

"நிறுத்துடி அதை" என்று டிவி பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார் மாமி. படம் நின்றது. பம்பாய்க்காரர்கள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"லிங்கராஜ், எம்பொண்ணுக்குத் தாலி கட்டறச்சே நீ எதைடா பார்த்துண்டிருந்தே?"

"யோசுவாவை" என்றேன்.