விசுவாச அறிக்கைக்கு முன் எழுந்து போகிறவர்

எங்கள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளிலும் ஹோட்டல்களிலும் லிஃப்ட் நின்றுவிட்டால் அவருக்குத்தான் போன் வரும். ஆனால் அவர் குடியிருப்பது லிஃப்டே இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில். கல்யாணமான புதிதில் வாடகை கட்டுப்படியாகிறது என்று வந்தவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். "ஊரையெல்லாம் மேலே ஏத்திவிட்டுட்டு நீங்க மட்டும் படியேறுங்க" என்று நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. என் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபிறகு அந்தக் கிண்டலை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இரண்டு மாடிவரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறுவாள். அதற்குமேல் அவர் தூக்கிக்கொண்டு போவார்.

அவர் கத்தோலிக்கர் இல்லை. என்ன மதம் என்று யாராவது கேட்டால், "சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லைங்க" என்பார். சிறப்பு அனுமதி வாங்கி எங்கள் கோவிலில்தான் கல்யாணம் நடந்தது. "மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனா..." என்று அப்பா கடைசிவரை இழுத்துக்கொண்டே இருந்தார். ஞாயிறுதோறும் அக்காவைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டு, சைக்கிள் நிறுத்துமிடத்தில் பேப்பர் படித்துக்கொண்டு நிற்பார் அத்தான். மழை பெய்தால் முகப்புக்குக் கீழே ஒதுங்குவார். உள்ளே மட்டும் வரமாட்டார்.

அக்காவின் உடம்பு படுத்தத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. அவளைத் தனியே விட முடியவில்லை. கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சில மாதங்களில், ஞானஸ்நானத்துக்குத் தயாராகும் பெரியவர்களுக்காக நான் நடத்தும் ஞானோபதேச வகுப்புக்கும் வந்து சேர்ந்தார். "சும்மா உட்காந்திருக்கிறதுக்குக் கேட்டுக்கிட்டாவது இருக்கலாமே" என்றார். அக்காவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். இருபது வருஷமாக அவள் வாய்விட்டுக் கேட்காத ஒன்று தானாக நடந்துவிட்டது.

வகுப்பு வியாழக்கிழமை சாயங்காலம். நான் நாள் முழுக்கத் தபால் அலுவலகக் கவுண்டரில் நின்று, ஒட்டாத தபால்தலைக்கும் வந்து சேராத பார்சலுக்கும் திட்டு வாங்கிவிட்டு அப்படியே வருவேன். சிறுபிள்ளைகளின் மறைக்கல்வி நடக்கிற அறைதான் எங்களுக்கும். நாற்காலிகளும் அவர்களுடையவை. மோவாயை முட்டி தொடுகிற மாதிரி உட்கார்ந்துதான் நாங்கள் திரித்துவத்தைப் பற்றிப் பேசுவோம். இந்த வருஷம் அத்தானைத் தவிர ஒரு தையல்காரரும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். நர்ஸ் இரவு வேலைக்குப் போகிறவள் என்பதால் பாதி வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். அவளை எழுப்பும் தைரியம் எனக்கு இல்லை, ஏனென்றால் பேசிக்கொண்டே நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அத்தான் நல்ல மாணவர். ஒரு வகுப்பும் தவறமாட்டார், கேள்வி கேட்டு என் கழுத்தை அறுக்கமாட்டார். ஒரே ஒரு தகராறுதான். ஞானஸ்நானத்தின்போது, "நம்புகிறீர்களா?" என்று குருவானவர் மூன்று முறை கேட்பார். "நம்புகிறேன்" என்று சொல்ல வேண்டும். அது அவர் வாயில் வரவில்லை. பழுதுபார்த்த லிஃப்டில் தான் முதலில் ஏறி இறங்கிப் பார்க்காமல் "சரியாயிடுச்சு" என்று யாரிடமும் சொல்லாத ஆள் அவர். இங்கேயும் அதே பிடிவாதம். முதல் வருஷம் ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "இந்தத் தடவை வேண்டாம்" என்று ஒதுங்கினார். இரண்டாவது வருஷம் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின இரவு, ஞானஸ்நானத்துக்கென்று வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, பூசை உடை மாற்றுகிற அறையில் நின்றபடி பங்குத்தந்தையிடம் கையை விரித்தார்.

"ஒரு வார்த்தைதானப்பா. மீதியை ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார் ஃபாதர்.

"அந்த ஒரு வார்த்தைதான் ஃபாதர் வரமாட்டேங்குது."

ஃபாதர் கோபப்படவில்லை. வயதானவர், எத்தனையோ பேரைப் பார்த்தவர். "சரி, அடுத்த வருஷம் பாப்போம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். கோபப்பட்டவள் நான்தான். முன்வரிசையில் மெழுகுதிரியோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாசலில் வைத்து அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ இருக்கிறப்பவே பாத்துடணும்னு ஆசைப்படுறா அத்தான். ஒப்புக்காவது சொல்லித் தொலைக்கக்கூடாதா?"

"ஒப்புக்குச் சொல்றதா இருந்தா உங்கப்பா முன்னாடி, கல்யாணத்தன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார்.

இப்படித்தான் மூன்றாவது வருஷம் வந்தது. அக்கா பாதியாகிவிட்டிருந்தாள். அடுத்த தவக்காலம் அவளுக்கு உண்டா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவளுக்கு இருந்த ஆசை அத்தானின் ஞானஸ்நானம் ஒன்றுதான்.

எங்கள் பங்குக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்கள், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து ஞாயிறுகளில் பூசையின் நடுவிலேயே வெளியே அனுப்பப்படுவார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஃபாதர் அவர்களைப் பீடத்தின் முன்னே அழைத்து, கைநீட்டி ஜெபித்து, "சமாதானமாய்ப் போய்வாருங்கள்" என்பார். அவர்கள் நடுவழியாக வெளியேறுவார்கள். அதன்பிறகுதான் மற்றவர்கள் எழுந்து நின்று, 'நம்புகிறேன், நம்புகிறேன்' என்று வருகிற விசுவாச அறிக்கையைச் சொல்வார்கள். இன்னும் தங்கள் வாயால் அறிக்கையிடாதவர்கள் அதற்கு முன்பே போய்விட வேண்டும் என்பது பழைய முறை. அவர்களோடு நானும் போய், வகுப்பறையில் உட்கார்ந்து அன்றைய வாசகத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதனால் என் சொந்தப் பூசைக்கு விடியற்காலையில் தனியாக எழுந்து வர வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் தூங்கலாம் என்பது எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"இருபது வருஷமா நானா வெளிய நின்னேன். இப்ப ஜெபம் பண்ணி வெளிய அனுப்புறாங்க. மரியாதை கூடியிருக்கு" என்பார் அத்தான்.

தவக்காலம் பாதி கடந்த ஒரு ஞாயிறு. நாங்கள் வெளியே வந்து அறையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தையல்காரர் எழுந்து கொடுத்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அத்தான் பதறி எழுந்தார்.

"உடம்புக்கு முடியலையா அக்கா?" என்றேன்.

"என் உடம்புக்கு என்னைக்குடி முடிஞ்சுது?"

"அப்புறம் ஏன் பாதிப் பூசையில எழுந்து வந்தே?"

"அடுத்தது அதைத்தானே சொல்லுவாங்க. என்னால சொல்ல முடியலடி. போன வருஷத்துலேர்ந்தே வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு அசைக்கவும் தோணல. நீங்கல்லாம் எழுந்து போறதைப் பாத்தேன். நானும் இவங்க கூடத்தானே போகணும்னு வந்துட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மொத்தக் கோவிலும் சேர்ந்து விசுவாச அறிக்கை சொல்கிற சத்தம் கேட்டது.

"கடவுள்மேல கோபமா?" என்று கேட்டேன். கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கோபப்படக்கூடத் தெம்பு வேணுமே. களைப்பா இருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா.

எங்கள் பாடப்புத்தகத்தில் சந்தேகத்துக்கு ஒரு பாடம் உண்டு. பாவத்துக்கும் துன்பத்துக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு. களைப்புக்கு இல்லை. எத்தனையோ பேருக்கு நம்பிக்கையைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவள், கூடப் பிறந்தவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படாமல் விழித்தேன். நர்ஸ்தான் எழுந்து வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்து, வீங்கியிருந்த பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை.

இனி அத்தான் வரமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். யாருக்காக வந்தாரோ அவளே கைகழுவிவிட்டாள், அப்புறம் என்ன? ஆனால் வியாழக்கிழமை அவர் வந்தார், அதே குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவையும் கூட அழைத்து வந்திருந்தார். அவள் ஜன்னல் ஓரமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாளோ, தூங்கினாளோ தெரியாது. எனக்குத்தான் பாடம் எடுக்கக் கூச்சமாக இருந்தது.

அந்த வார முடிவில் நாலு மாடியும் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே படுத்திருந்தாள். அத்தான் சமையலறையில் அவளுடைய அன்றைய தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று டாக்டர் விட்டிருப்பது அவ்வளவுதான். கோடைக்காலத்தில் அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே எனக்கு நாக்கு வறளும்.

"இப்ப என்ன முடிவு அத்தான்? அவளுக்காகத்தானே வந்தீங்க. அவளே விட்டுட்டா. நீங்க எதுக்கு இன்னும் அங்க வந்து முட்டியை உடைச்சுக்கிறீங்க?" என்றேன்.

அவர் பாட்டிலை மூடி வைத்தார்.

"கடைசி பெஞ்சுலேர்ந்து எல்லாரையும் பாத்துக்கிட்டே இருப்பேன். விசுவாச அறிக்கையை மளமளன்னு சொல்லுவாங்க. இவங்களுக்கெல்லாம் உள்ளே ஏதோ தெளிவாத் தெரியுது, நமக்குத்தான் தெரியலன்னு நெனைச்சுக்குவேன். முக்கியமா உங்கக்காவுக்கு. அது நமக்கும் தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னுதான் மூணு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன்."

"சரி."

"நேத்து அவகிட்டக் கேட்டேன். அப்படித் தெரிஞ்சுதான் சொன்னியான்னு. இல்லையாம். முக்காவாசி நாள் ஒண்ணும் தெரியாமத்தான் சொன்னாளாம். சொல்லிட்டு, அதைப் பிடிச்சுக்கிட்டே வாரத்தை ஓட்டிடுவாளாம். இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலன்னேன். நீங்க கேக்கலையேங்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சாக்குச் சொல்ல அங்கே ஒரு வெங்காயம்கூட நறுக்கிக் கிடக்கவில்லை.

"அது அப்படின்னா நானும் சொல்லலாம். பொய்யா இருக்காது" என்றார் அத்தான். "ஃபாதர்கிட்ட சொல்லிடு."

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். எத்தனை வருஷமாக ஏங்கியவள். துள்ளுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லைதான், ஆனாலும் கொஞ்சம் சிரிப்பாளென்று நினைத்தேன். "நல்லது" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷப்படவும் அவளிடம் மிச்சம் இல்லை. படியிறங்கும்போது எனக்கு ஆண்டவர்மேல் வந்த ஆத்திரத்தை எந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய்ச் சொன்னாலும் குருவானவர் எழுந்து ஓடியிருப்பார்.

உயிர்ப்பு இரவன்று காலையில் அவளுக்கு டயாலிசிஸ் இருந்தது. வரவேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். கேட்கவில்லை. முன்வரிசையில் தூண் ஓரமாக, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்த்தினோம். பக்கத்தில் நான். வெளியே தீ மூட்டி, பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுதிரியை ஏற்றி இருட்டுக்குள் கொண்டுவந்து, நீளமான வாசகங்களையெல்லாம் வாசித்து முடித்தார்கள். அத்தான் தண்ணீர்த் தொட்டியின் முன்னால் போய் நின்றார். பாவத்தை விட்டுவிடுகிறேன் என்பதற்கெல்லாம் சட்டென்று பதில் சொன்னார். பிறகு ஃபாதர் "நம்புகிறீர்களா?" என்றார். அத்தான் பேசவில்லை. போச்சு, இந்த வருஷமும் போச்சு என்று நினைத்தேன். அவர் அங்கிருந்தபடியே திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், "நம்புகிறேன்" என்றார். மூன்று முறையும் சொன்னார். ஃபாதர் தலையில் தண்ணீரை ஊற்றினார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்துக்கொண்டேன், பார்த்தாள்.

சட்டையை மாற்றிக்கொண்டு, தலை ஈரத்தோடு அத்தான் வந்து அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். எல்லார் கையிலும் திரி ஏற்றினார்கள். அடுத்ததாக, மொத்தச் சபையும் எழுந்து நின்று தங்கள் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்க வேண்டும். அதே கேள்விகள், இப்போது எங்களுக்கு. அக்காவை எழுப்பலாம் என்று திரும்பினேன். அவள் அத்தானின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். நாங்களெல்லாம் நிற்க, அவர் மட்டும் அவளுக்குத் தோள் கொடுத்தபடி உட்கார்ந்தே இருந்தார். முதல் கேள்வி வந்ததும் கோவிலோடு சேர்ந்து அவரும் பதில் சொன்னார்.

"அத்தான், நீங்க இப்பதானே சொன்னீங்க. மறுபடியும் சொல்லத் தேவையில்ல. இது மத்தவங்களுக்கு" என்று குனிந்து கிசுகிசுத்தேன். பாடம் எடுக்கிற புத்தி என்னை விட்டு எங்கே போகும்?

"தெரியும். அது எனக்கு" என்றார். "இது அவளுக்கு."

ஃபாதர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அக்காவின் தலை அசையாதபடி, குரலைத் தாழ்த்தி, "நம்புகிறேன்" என்றார் அத்தான்.